சாத்தக் கூடாத கதவு

ஹெஸ்டர் க்ரே கார்க் கதவை அறைந்து சாத்தினாள். வேலி மேல் உட்கார்ந்திருந்த காக்கைகள் மொத்தமாக எழுந்து பறந்தன.

"மெதுவா பாஸ். கார் என்ன பாவம் பண்ணுச்சு?" என்றான் டெஸ் பின்னக்.

"கார் இல்லேன்னா உன்னைத்தான் அறைஞ்சிருப்பேன்."

"அப்ப காரே வாங்கிக்கட்டும். அதுக்கு இன்சூரன்ஸ் இருக்கு."

டெஸ் அவளிடம் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து இப்படித்தான். பர்மிங்காமில் பிறந்து பஸ் புகையில் வளர்ந்தவன். புல்லைக் கண்டால் தும்முவான், மாட்டைக் கண்டால் அவள் முதுகுக்குப் பின்னால் ஒளிவான், வாய் மட்டும் எந்த ஊரிலும் அடங்காது. ஹெஸ்டர் போலீஸில் இன்ஸ்பெக்டராக இருந்து, மேலதிகாரியின் மேசையில் தொப்பியை எறிந்துவிட்டு வந்து தனியாகத் துப்பறிபவள். கோபம் வந்தால்தான் பாஸுக்கு மூளை ஓடும் என்று டெஸ் சொல்வான். இன்று காலையிலிருந்து அது தாறுமாறாக ஓடிக்கொண்டிருந்தது.

காரணம் பெரில் ஹாலம். மார்டில்கோம் கிராமத்துக்கு மேலே, குன்றுச் சரிவில், பெரிய எஸ்டேட் ஒன்றின் நிலத்தைக் குத்தகைக்கு எடுத்து ஆடு வளர்ப்பவள். போன வெள்ளிக்கிழமை மாலை, ஹெரிஃபோர்டில் அக்காவுக்கு அவசர ஆபரேஷன் என்று போன் வந்து ஓடினாள். திங்கட்கிழமை திரும்பி வந்தபோது மேட்டு வயலின் கீழ்மூலையில், சாத்தியிருந்த மரக் கதவின் மேல், ஆடுகள் ஒன்றன்மேல் ஒன்றாகச் சரிந்து செத்துக் கிடந்தன. கதவுக்கு அந்தப் பக்கம், கூப்பிடு தூரத்தில், ஓடை சலசலவென்று ஓடிக்கொண்டிருந்தது. மழையைக் கண்டு வெகு நாளான ஆகஸ்ட் வெயில். தண்ணீர் வாசனை மூக்கில் ஏற ஏற, ஆடுகள் கதவை முட்டி முட்டி, ஒன்றையொன்று மிதித்து, மூச்சு முட்டிச் செத்திருந்தன. பாதி மந்தை போய்விட்டது.

"கதவைத் திறந்து வச்சு, வேலித் தூணோட சேத்துக் கயிறு போட்டுக் கட்டிட்டுத்தான் போனேன்" என்று சற்று முன் தன் சமையலறையில் பெரில் சொல்லியிருந்தாள். அழவில்லை. மேசையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "கோடை பூரா அது திறந்தேதான் கெடக்கும். வைக்கோல் கட்டுற ஆரஞ்சுக் கயிறு. இப்ப அந்தக் கயிறையே காணோம்."

கயிறு இல்லாததால் அவள் பேச்சு எடுபடவில்லை. எஸ்டேட்டின் நிலங்களைக் கவனிக்கும் ஏஜென்ட் டக்கெட்டுக்கு அதை நம்புவதில் லாபமும் இல்லை. கால்நடையைக் கவனிக்காமல் சாகவிட்டால் குத்தகை ரத்து என்பது ஒப்பந்தம். அந்தச் சரிவில் விடுமுறைக் குடில்கள் கட்டினால் லண்டன்காரர்கள் வந்து விழுவார்கள் என்பது அவருடைய பல நாள் ஆசை. இன்று மாலை நான்கு மணிக்கு ஊர் மண்டபத்தில் பாரிஷ் கூட்டம், அதாவது ஊர்ப் பஞ்சாயத்து. அங்கேயே பெரிலின் கையில் நோட்டீஸைக் கொடுத்துவிடப் போவதாகச் சொல்லியிருந்தார். வாங்கினால் நிலம் போகும், அதோடு வீடும் போகும். பெரில் பிறந்த வீடு அது.

"டக்கெட்தான் செஞ்சிருப்பான். வேற எவன்?" என்றாள் ஹெஸ்டர்.

"மூஞ்சியப் பாத்து முடிவு பண்ணக் கூடாதுன்னு நீங்கதானே எனக்குச் சொல்லிக் குடுத்தீங்க?"

"அவன் மூஞ்சிய நீ இன்னும் பாக்கல."

சொல்லி வாய் மூடவில்லை, குறுகலான பாதையில் ஒரு லேண்ட் ரோவர் வந்து அவர்களை வேலியோரம் ஒதுக்கி நின்றது. பின்சீட்டில் ஒரு ஸ்பேனியல் நாய் நாக்கைத் தொங்கவிட்டிருந்தது. முன்சீட்டில் டக்கெட். பச்சை மேல்சட்டை, சிவந்த கன்னம், யாரிடமும் மன்னிப்புக் கேட்டுப் பழகாத வாய்.

"துப்பறியிறீங்களாமே. ஆட்டை யார் கொன்னாங்கன்னா?" என்றார். "ஆட்டுக்காரியையே கேட்டா முடிஞ்சு போச்சு. எதுக்கு இவ்வளவு தூரம் பெட்ரோலைக் கொட்டிட்டு வர்றீங்க?"

"உங்க குடிலுக்கு அஸ்திவாரம் எங்கே தோண்டப் போறீங்கன்னு பாக்க வந்தோம்" என்றாள் ஹெஸ்டர். "ஆட்டைப் புதைச்ச குழிக்குப் பக்கத்துலயா, மேலயா?"

டக்கெட்டின் கன்னம் இன்னும் சிவந்தது. வண்டியை எடுத்தார். ஸ்பேனியல் மட்டும் திரும்பி டெஸ்ஸைப் பார்த்துக்கொண்டே போனது.

"மூஞ்சியப் பாத்துட்டேன் பாஸ். முடிவு பண்ணிக்கலாம்."

சர்ச் பக்கமிருந்து க்ளெமன்சி ஆல்டஸ் வேகமாக வந்தாள். இவர்களை வரவழைத்தவள் அவள்தான். பாரிஷ் கவுன்சிலின் தலைவி. தூய்மையான கிராமத்துக்கான மாவட்டப் பரிசை மார்டில்கோம் தொடர்ந்து வாங்குவதற்கும் அவள்தான் காரணம் என்று ஊரே சொல்லும். வைக்கோல் தொப்பி, கையுறை, இடுப்போரம் இடுக்கிய குட்டைக்கால் நாய். வரும் வழியிலேயே குனிந்து யாரோ போட்ட மிட்டாய்த் தாளைப் பொறுக்கிப் பைக்குள் வைத்துக்கொண்டாள்.

"பெரிலப் பாத்தீங்களா மிஸ் க்ரே? பாவம், தூங்கவே இல்ல. நேத்துகூட ஒரு கேக் சுட்டுக் கொண்டுபோய்க் குடுத்தேன். தொடவே இல்ல."

"பசிக்கலையோ என்னவோ" என்றாள் ஹெஸ்டர்.

"எனக்கென்னமோ இது வழிப்போக்கர் வேலைன்னுதான் தோணுது." க்ளெமன்சி குரலைத் தாழ்த்தினாள். "டவுன்லேருந்து நடக்க வர்றாங்கல்ல, அவங்க. திறந்த கதவப் பாத்தா நல்லெண்ணத்துல சாத்திட்டுப் போயிடுவாங்க. பேரு ஊரு தெரியாத ஆளு. அப்படித்தான் நடந்திருக்கும்னு நீங்க கூட்டத்துல ஒரு வார்த்தை சொன்னா போதும். பெரிலுக்கும் வீடு நிக்கும், யாரு மனசும் புண்படாது."

"யாரு மனசும் புண்படாம நான் இதுவரைக்கும் எந்தக் கேஸையும் முடிச்சதில்ல" என்றாள் ஹெஸ்டர்.

க்ளெமன்சி அதை நகைச்சுவை என்று எடுத்துக்கொண்டு சிரித்தாள்.

மேட்டு வயலுக்குப் போகும் ஒற்றையடிப் பாதையில் ஏறினார்கள். புல் காய்ந்து வெளுத்துக் கிடந்தது. உயிர் பிழைத்த ஆடுகள் ஓடைப் பக்கம் போய் ஒட்டிக்கொண்டு நின்றன. மனிதர்களைக் கண்டதும் நகர்ந்துவிட்டன.

கதவு இப்போது அகலத் திறந்து கிடந்தது. திங்கட்கிழமை பெரில் ஓடி வந்து திறந்தது திறந்தபடி இருந்தது. திறந்தால் அது பின்னால் போய் வேலியோடு ஒட்டிக்கொள்ளும். கதவின் கொண்டியுள்ள முனை முள்செடிக்கும் காஞ்சொறிக்கும் நடுவே மறைந்துவிடும். கதவு நின்ற இடத்தில் தரை உழுததுபோல் கிளறிக் கிடந்தது. கீழ்க்கட்டையில் கம்பளி முடி கொத்துக் கொத்தாக ஒட்டியிருந்தது. ஹெஸ்டர் அதைப் பார்த்துவிட்டு ஓடையைப் பார்த்தாள். 

"இங்க நின்னு தண்ணிய பாத்துக்கிட்டே செத்திருக்கு டெஸ்."

டெஸ் குனிந்து ஒரு கம்பளிக் கொத்தைத் தொட்டுப் பார்த்தான்.

"தேடு. கயிறு, பட்டன், சிகரெட் துண்டு, டக்கெட்டோட பல்லு, எது கெடைச்சாலும் சரி."

தேடினார்கள். ஓடைக்கரை வரை போய்த் தேடினார்கள். கயிறு கிடைக்கவில்லை. கடைசியில் டெஸ் கதவின் முனையைப் பார்க்கக் காஞ்சொறிக்குள் கையை விட்டான். அடுத்த கணமே கையை உதறிக்கொண்டு, பர்மிங்காமில் மட்டும் புழங்கும் சில வார்த்தைகளைச் சொன்னான்.

"இங்க என்னமோ தொங்குது பாஸ். தொட்டது எதுன்னு மட்டும் தெரிஞ்சா நான் வேலைய விட்டுருவேன்."

ஹெஸ்டர் குச்சியால் செடியை விலக்கினாள். கதவின் கொண்டியில், இரண்டு காதும் அழகாக முடிச்சிட்டு, ஊதா நிறத்தில் ஒரு சிறிய பிளாஸ்டிக் பை தொங்கியது. நாய் வைத்திருப்பவர்கள் பையில் வைத்துக்கொண்டு அலைவார்களே, அந்தப் பை. வெறும் பை அல்ல, உள்ளே சரக்கோடு.

"நாட்டுக்கே பிடிச்ச வியாதி" என்றான் டெஸ். "ஆள் அரவமே இல்லாத காட்டுல நாய் போனத அள்ளி, பையில போட்டு, முடிச்சு போட்டு, திரும்பி வரப்ப எடுத்துக்கலாம்னு மரத்துல மாட்டிட்டுப் போறது. அப்புறம் மறந்து போறது. அப்படியே விட்டிருந்தா ஒரு மழையில கரைஞ்சிருக்கும். இப்ப எங்க பேரன் காலம் வரைக்கும் தொங்கும்."

ஹெஸ்டர் குச்சியைக் கீழே போட்டாள். பையைப் பார்த்தாள், காஞ்சொறியைப் பார்த்தாள், டெஸ்ஸின் சிவந்த கையைப் பார்த்தாள்.

"கை எப்படி இருக்கு?"

"எரியுது. அக்கறைக்கு நன்றி."

"அக்கறை இல்ல. இவ்வளவு எரியுற இடத்துல கையை விட்டு ஒரு பையைக் கொண்டுபோய் மாட்டுவியா?"

"எனக்கென்ன பைத்தியமா?" என்றவன் நிறுத்தினான். கதவைப் பார்த்தான். "ஓ."

"கதவு திறந்திருக்கறப்ப இந்தக் கொண்டி செடிக்குள்ள இருக்கும். சாத்தினாத்தான் பாதையோரத்துக்கு வரும். அப்ப, சாத்தின கதவுல மாட்டியிருக்காங்க. திங்கக்கிழமை பெரில் அலறிக்கிட்டே கதவைத் தள்ளித் திறந்தப்ப பையும் சேர்ந்து செடிக்குள்ள போயிடுச்சு. அதனாலதான் யார் கண்ணுலயும் படல."

"அப்ப அந்தம்மா சொன்ன வழிப்போக்கரு?"

"வழிப்போக்கர் பையை மாட்டுவாரா? அவர் குன்றைத் தாண்டி அடுத்த ஊருக்குப் போறவர். திரும்பி இதே வழியா வரப்போறவங்கதான் மாட்டிட்டுப் போவாங்க. இந்த ஊர்க்காரங்க, டெஸ். நாய் வச்சிருக்கற ஊர்க்காரங்க."

"டக்கெட்டோட ஸ்பேனியல்" என்றான் டெஸ். "ஆனா பாஸ், இந்த ஊர்ல நாய் இல்லாத வீடு எது? இந்த ஊதாப் பையத்தான் சர்ச் வாசல்ல பெட்டி வச்சு எல்லாருக்கும் சும்மா குடுக்கறாங்க."

"அதனாலதான் நீ அதைத் திறக்கப் போற."

டெஸ் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டான். "எங்கம்மா என்னைத் துப்பறியிறவன்னு பக்கத்து வீட்டுக்கெல்லாம் சொல்லி வச்சிருக்கு."

"திற."

இரண்டு குச்சிகளை எடுத்துக்கொண்டு, முகத்தை எதிர்த்திசையில், தூரத்து வேல்ஸ் மலைகள் பக்கம் திருப்பிக்கொண்டு, திறந்தான். வெயிலில் சரக்கு காய்ந்து போயிருந்தது. உடைத்ததும் உள்ளே நிறம் தெரிந்தது. சிவப்பு, வெள்ளை, நீலம், பிரிட்டிஷ் கொடியின் நிறங்கள். துணி. முக்கோணமாக வெட்டிய துணியின் ஓரங்கள், தையல் நூலோடு.

"நாட்டுப்பற்றுள்ள நாய்" என்றான் டெஸ்.

"தோரணம்" என்றாள் ஹெஸ்டர். குன்றுக்குக் கீழே கிராமம் தெரிந்தது. மதுக்கடை வாசலிலிருந்து சர்ச் மதில் வரை அதே சிவப்பு, வெள்ளை, நீலம் இன்னும் காற்றில் ஆடிக்கொண்டிருந்தது. சனிக்கிழமை நடந்த சர்ச் விழாவுக்குக் கட்டியது.

மதுக்கடையை நடத்துபவள் ஐவி. பீப்பாய் மாதிரி உடம்பு, யாராக இருந்தாலும் 'கண்ணு' என்று கூப்பிடும் வாய். மத்தியான நேரம், கடையில் கூட்டம் இல்லை. டெஸ் முதலில் கை கழுவும் இடத்தைக் கேட்டுவிட்டுத்தான் பீர் கேட்டான்.

"தோரணம் எப்ப கட்டினீங்க?" என்றாள் ஹெஸ்டர்.

"வெள்ளிக்கிழமை மத்தியானம் கண்ணு. நாங்க நாலு பேரு ஏணி வச்சுக் கட்டினோம். ஏன், பரிசு குடுக்கப் போறீங்களா?"

"அப்ப ஒரு நாய் அதுல ஒரு துண்டைத் தின்னுச்சு."

ஐவி கிளாஸ் துடைப்பதை நிறுத்திவிட்டுச் சிரித்தாள். "அது உங்க காது வரைக்கும் வந்துடுச்சா? ஆமா, கடைசிச் சரம் கீழ கெடந்துச்சு, நாங்க ஏணியில நிக்கறோம், அது பாட்டுக்குக் கடிச்சு முழுங்கிட்டு இருக்கு. ஊரே வயித்தப் பிடிச்சுக்கிட்டு சிரிச்சோம். நாளைக்கு எல்லாம் வெளிய வரும், அப்ப கொண்டாந்து கட்டிக்கலாம்னு நான்கூட சொன்னேன்."

"டக்கெட்டோட ஸ்பேனியல்தானே?" ஹெஸ்டர் ஏற்கெனவே பாதி எழுந்துவிட்டாள்.

"டக்கெட்டோடதா? அவரு அத வண்டிய விட்டு எறங்கவே விடமாட்டாரு கண்ணு. சேறு ஒட்டிடும்னு. இது பிஸ்கட். நம்ம க்ளெமன்சியோட குட்டைக்காலு."

ஹெஸ்டர் மறுபடி உட்கார்ந்தாள். டெஸ் பீர் கிளாஸை வாய்க்குக் கொண்டுபோனவன் அப்படியே பிடித்துக்கொண்டிருந்தான்.

"பாஸ்" என்றான் மெதுவாக. "நமக்கு அட்வான்ஸ் குடுத்தது அந்தம்மா."

"எனக்குத் தெரியும்."

"மூஞ்சியப் பாத்து முடிவு பண்ணிட்டோம்."

"தெரியும்னு சொன்னேன்ல."

அவளுக்கு டக்கெட் மேல் வந்த கோபமெல்லாம் பிடித்துக்கொள்ள ஆளில்லாமல் ஒரு நிமிஷம் அந்தரத்தில் நின்றது. பிறகு அது போகவேண்டிய இடத்தைக் கண்டுபிடித்துக்கொண்டது. மூன்று மணி அடித்தது. இருவரும் எழுந்து நடந்தார்கள்.

க்ளெமன்சியின் வீடு ஊரின் மேல்கோடியில், பெரிலின் வயலுக்கு மிக அருகில் இருந்தது. வாசலில் ரோஜா, ஜன்னலில் லேஸ், எங்கும் ஒரு சருகு கிடையாது. கூட்டத்துக்குக் கிளம்பிக் கையுறை மாட்டிக்கொண்டிருந்தாள். பிஸ்கட் ஓடி வந்து டெஸ்ஸின் காலை முகர்ந்தது.

"ஏதாவது கெடைச்சுதா?" என்றாள்.

"உங்க பை" என்றாள் ஹெஸ்டர். "சனிக்கிழமை காலையில மேட்டு வயல் கதவுல மாட்டினீங்களே, அது. திரும்பி வரப்ப எடுத்துக்கலாம்னு நெனச்சிருப்பீங்க."

க்ளெமன்சியின் கை கையுறையில் பாதியில் நின்றது. பொய் சொல்லப்போகிறாள் என்று ஹெஸ்டர் காத்திருந்தாள். ஆனால் அவள் முதலில் சொன்னது வேறு.

"எடுத்துக்கத்தான் நெனச்சேன். வெயில் ஏறிடுச்சு. விழாவுக்கு கேக் வேற எடுத்து வைக்கணும். ரோடு வழியா வந்துட்டேன். அப்படி விட்டுட்டு வர்ற ஆள் இல்ல நான். தயவுசெஞ்சு அப்படி நெனச்சுடாதீங்க."

டெஸ் சுவரைப் பிடித்துக்கொண்டான். "அம்மா, பாதி மந்தை செத்துக் கெடக்கு. நீங்க பைக்கு மன்னிப்புக் கேக்கறீங்க."

"கயிறு எங்க?" என்றாள் ஹெஸ்டர்.

க்ளெமன்சி மறுபேச்சு இல்லாமல் போய் மேசை இழுப்பறையைத் திறந்தாள். உள்ளே பார்சல் கயிறு, ரிப்பன், தோட்டத்து நூல், எல்லாம் தனித்தனியாக எட்டுப்போலச் சுற்றி அடுக்கியிருந்தது. நடுவில் ஆரஞ்சு நிறத்தில் ஒன்று. இவர்கள் ஓடைக்கரை வரை தேடிய கயிறு, இரண்டு துண்டைச் சேர்த்துப் போட்ட முடிச்சுகூடக் கலையாமல், அழகாகச் சுற்றி வைத்திருந்தது.

"வேலியில அது தொங்கினா பாக்க அசிங்கமா இருந்துச்சு" என்றாள். "அடுத்த வாரம் பரிசுக்கு நடுவருங்க வர்றாங்க. கழட்டிட்டேன். கதவு திறந்து கெடந்துச்சு, சாத்தினேன். வயல் கதவுன்னா சாத்தணும்னுதானே சின்ன வயசுலேருந்து சொல்லிக் குடுத்திருக்காங்க."

"இருந்தது இருந்தபடி விடணும்னு சொல்லிக் குடுத்திருப்பாங்க. நீங்க பாதியத்தான் கேட்டிருக்கீங்க. கயிறை ஏன் தூக்கி எறியல?"

"நல்ல கயிறு" என்றாள் க்ளெமன்சி. உண்மையிலேயே அவளுக்கு வேறு காரணம் இல்லை.

ஜன்னல் வழியாக மேட்டு வயல் தெரிந்தது. ஹெஸ்டர் அதைப் பார்த்துவிட்டுத் திரும்பினாள்.

"ஞாயித்துக்கிழமை ஆடு கத்தினது இங்க கேட்டிருக்குமே."

"ஆடுன்னா கத்தும்தானே. ஜன்னலைச் சாத்திட்டு ரேடியோ போட்டுக்கிட்டேன். திங்கக்கிழமை சாயங்காலம்தான் எனக்கு... அப்பதான் புரிஞ்சுது."

"இன்னிக்கு வெள்ளிக்கிழமை."

"சொல்லணும்னுதான் தினம் போனேன். கேக் சுட்டு எடுத்துக்கிட்டுப் போனேன், ஜாம் எடுத்துக்கிட்டுப் போனேன். போய் உக்காந்தா வாய் வரல. ரொம்ப சங்கடமா இருந்துச்சு மிஸ் க்ரே."

அந்த வார்த்தையில்தான் ஹெஸ்டருக்குப் பொறுமை உடைந்தது.

"சங்கடமா? அந்தப் பொம்பளைக்கு இன்னிக்கு வீடு போகுது. நாலு நாளா அவ அடுப்படியில உக்காந்து ஆறுதல் சொல்லிட்டு வந்திருக்கீங்க. உங்களுக்கு சங்கடம். அப்புறம் எங்களை எதுக்குக் கூப்பிட்டீங்க? ஊர் பேர் தெரியாத எவன் தலையிலயாவது கட்டிட்டு, பெரிலையும் காப்பாத்தி, உங்க பரிசையும் காப்பாத்திக்கவா?"

"எல்லாருக்கும் அதுதானே நல்லது" என்றாள் க்ளெமன்சி. கண்ணில் நீர் தளும்பியது. "நானே வேற ஆடு வாங்கித் தர்றேன். பேர் சொல்லாம."

"பேர் சொல்லித்தான். நாலு மணிக்கு. எல்லார் முன்னாடியும்."

"என்னால முடியாது."

"டெஸ், பையை எடுத்துக்கோ."

"எனக்குத் தெரியும், அது எங்கிட்டதான் வரும்னு" என்றான் டெஸ். ஆனால் எடுத்துக்கொண்டான்.

ஊர் மண்டபத்தில் நாற்காலிகள் நிறைந்திருந்தன. ஓரமாக டீப் பாத்திரம் கொதித்தது. தட்டுகளில் டீயோடு தின்னும் ஸ்கோன் ரொட்டிகள் அடுக்கியிருந்தன. டக்கெட் முதல் வரிசையில் மடியில் உறையோடு உட்கார்ந்திருந்தார். பெரில் சுவரோரமாக, வேலைக்குப் போகும் பூட்ஸோடு நின்றாள். யாரும் அவளுக்கு நாற்காலி தரவில்லை. உட்காரு என்று சொன்னால் அவளைப் பற்றிப் பேசியதுபோல் ஆகிவிடும் என்ற கவனம்.

க்ளெமன்சி தலைவி நாற்காலியில் உட்கார்ந்தாள். போன கூட்டத்தில் பேசியதைப் படித்தாள். மண்டபத்துத் திரைச்சீலையைத் துவைக்கக் கொடுப்பது பற்றி அபிப்பிராயம் கேட்டாள். அபிப்பிராயங்கள் வந்தன. பூந்தொட்டி பற்றியும் வந்தன. ஹெஸ்டர் கைகளை முழங்காலுக்குக் கீழே வைத்து அழுத்திக்கொண்டிருந்தாள், எதையாவது தூக்கி எறிந்துவிடாமல் இருப்பதற்காக.

டக்கெட் எழுந்தார். "இனி என் விஷயம்" என்று உறையை எடுத்தார்.

"அதுக்கு முன்னாடி" என்றாள் க்ளெமன்சி.  "அந்த வயல் கதவு விஷயமா... ஒரு வழிப்போக்கர், நல்லெண்ணத்துல..."

டெஸ் எழுந்து போய், ஸ்கோன் தட்டுகளுக்கு நடுவில், அவளுக்கு நேராக, ஊதாப் பையை வைத்தான். பக்கத்திலிருந்த ஒரு கிழவர் தன் தட்டைத் தள்ளி வைத்துக்கொண்டார். 

க்ளெமன்சி பையைப் பார்த்தாள். கைப்பையைத் திறந்து ஆரஞ்சுக் கயிற்றை எடுத்து அதன் பக்கத்தில் வைத்தாள்.

"நான்தான்" என்றாள். "நான்தான் சாத்தினேன்."

பெரில் சுவரை விட்டு வந்து கயிற்றை எடுத்தாள். இரண்டு துண்டைச் சேர்த்துப் போட்டிருந்த முடிச்சைக் கட்டைவிரலால் தடவினாள். "நான் போட்ட முடிச்சு" என்றாள் டக்கெட்டைப் பார்த்து.

டக்கெட் உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். இத்தனை பேர் முன்னால் வேறு வழி இல்லை. "வேற ஆள் சாத்தியிருந்தா குத்தகைக்காரங்க மேல குத்தம் இல்ல. அப்ப இது..." என்று சொல்லி, உறையை இரண்டாக மடித்துச் சட்டைப்பையில் திணித்துக்கொண்டு உட்கார்ந்தார்.

வீடு நின்றது. ஹெஸ்டர் மூச்சை விட்டாள்.

அப்போதுதான் அது நடந்தது. க்ளெமன்சி கைக்குட்டையை முகத்தில் வைத்து விம்மினாள். இரண்டு வரிசைப் பெண்கள் ஒரே நேரத்தில் எழுந்து அவளிடம் போனார்கள். ஒருத்தி தோளைத் தடவினாள். ஒருத்தி டீ கொண்டுவந்தாள், சர்க்கரை கூடப் போட்டு. தெரியாமல் செய்ததுதானே என்றது ஒரு குரல். எவ்வளவு தைரியம், எல்லார் முன்னாடியும் சொல்றதுக்கு, என்றது இன்னொன்று. ஐவிகூடப் போனாள். பெரில் கையில் கயிறோடு, மண்டபத்தின் நடுவில், தனியாக நின்றாள். அவள் பக்கம் ஒருவரும் வரவில்லை.

ஹெஸ்டர் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தாள். டெஸ் அவள் முழங்கையைப் பிடித்தான். "விடுங்க பாஸ். அவங்களே பேசுவாங்க."

"மூணு நாள் கத்தியிருக்குங்க" என்றாள் பெரில்.

குரலை உயர்த்தவில்லை. ஆனால் டீக்கரண்டிகள் நின்றுவிட்டன.

"தண்ணியப் பாத்துக்கிட்டு மூணு நாள் கத்தியிருக்குங்க. என் வீட்டுக்கும் உங்க வீட்டுக்கும் நடுவுல ஒரு வயல்தான். யாருக்குமே கேக்கலையா?"

 பெரில் காத்திருந்தாள். கடைசியில் ஐவி தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

"கேட்டுச்சு பெரில். கடைத் தோட்டத்துல சாப்பிட வந்தவங்க எல்லாம் எழுந்து உள்ள வந்துட்டாங்க. ஆனா உன் நிலம். உன் ஆடு. கேக்காம வந்து பாத்தா நீ தப்பா நெனப்பியோன்னு..."

"நீங்க?" என்றாள் பெரில் அடுத்தவரிடம். அவர் தலையாட்டினார். கேட்டிருந்தது. அதற்கு அடுத்தவருக்கும் கேட்டிருந்தது. பெரில் ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். கதவைச் சாத்தியவள் ஒருத்தி. ஜன்னலைச் சாத்தியவர்கள் மண்டபம் முழுக்க உட்கார்ந்திருந்தார்கள்.

"அக்கா கேட்டா, இங்க எதுக்கு இருக்க, மிச்ச ஆட்ட வித்துட்டு எங்கிட்ட வந்துருன்னு" என்றாள் பெரில். "காலை வரைக்கும் போயிடலாம்னுதான் இருந்தேன். இப்ப போகமாட்டேன். இங்கதான் இருப்பேன். தினம் கடைக்கு வருவேன், சர்ச்சுக்கு வருவேன், உங்க வாசல் வழியா நடப்பேன். என் மூஞ்சிய நீங்க பாத்துத்தான் ஆகணும்."

ஒரு நாற்காலியை இழுத்து, எல்லாரையும் பார்க்கும்படி திருப்பிப் போட்டு உட்கார்ந்தாள். பூட்ஸிலிருந்த காய்ந்த சேறு, பளபளவென்று துடைத்திருந்த தரையில் உதிர்ந்தது.

"எனக்கும் டீ ஊத்துங்க" என்றாள். "கூட்டம் இன்னும் முடியலையே."

ஐவிதான் போய் ஊற்றினாள்.  பெரில் அதை மெதுவாக, ஒவ்வொரு வாயாகக் குடித்தாள். அத்தனை பேருக்கும் எழுந்து ஓடிவிட வேண்டும்போல் இருந்தது. ஆனால் ஒருத்தி குடித்துக்கொண்டிருக்கும்போது எழுந்து போவது மரியாதை இல்லை என்பதால், அந்த ஊர்க்காரர்கள் ஒருவரும் இடத்தை விட்டு அசையவில்லை.